கோயில் மறைஞ்சா போனும் போச்சு: கடலுக்குள் கைபேசி சிக்னல் போன தூரம்

தூத்தூர் பக்கம் ஒரு வாரம் தங்கியிருந்தபோது, விசைப்படகு ஓட்டும் ஒரு அண்ணனிடம் சும்மா கேட்ட கேள்வி இது. "கடலுக்குள்ள எவ்வளவு தூரம் வரைக்கும் போன் எடுக்கும்ணே?" கிலோமீட்டரில் பதில் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் கையைக் கரைப்பக்கம் நீட்டி, "கோயில் மறைஞ்சா போனும் போச்சு தம்பி" என்றார்.

அந்த ஊர்களில் கோயில் என்றால் மாதா கோயில். கடலை ஒட்டி உயரமாக நிற்கும் அதன் கோபுரம்தான் படகிலிருந்து பார்ப்பவருக்குக் கரையின் அடையாளம். அவர் சொன்னதை ஒரு நல்ல உவமை என்று குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டேன். பிறகு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் தெரிந்தது, அது உவமை இல்லை, கிட்டத்தட்ட சூத்திரம். அதிலிருந்து பிடித்துக்கொண்டு போனதில் சேர்ந்தவைதான் இந்தக் குறிப்புகள்.

கரை தாழும் கணக்கு

பழைய காலத்தில் மீனவர்கள் கரையிலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதைக் கரை 'தாழ்வதை' வைத்தே கணித்தார்கள். முதலில் குடிசைகள் மறையும். பிறகு தென்னந்தோப்பு. அப்புறம் கோபுரம். கடைசியாக மேற்குமலைச் சிகரங்கள். மீன் கூடும் பார் எங்கே இருக்கிறது என்பதையும் கரையில் உள்ள இரண்டு பொருட்களை ஒரே கோட்டில் வைத்துத்தான் குறித்தார்கள். ஒரு கோபுரமும் அதன் பின்னால் ஒரு மலையும் ஒரு கோடு. பக்கவாட்டில் இன்னொரு மரமும் இன்னொரு குன்றும் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் வலை. திருவனந்தபுரம் கரையில் இதைக் 'கணிச்சம்' என்கிறார்கள். பூமி உருண்டை என்பதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே தினமும் பயன்படுத்தியவர்கள் இவர்கள்.

கைபேசி அலையும் இதே உருண்டைக்குக் கட்டுப்பட்டதுதான். அது ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். காற்றுமண்டலம் அதைக் கொஞ்சமாக வளைத்து, கண்ணுக்குத் தெரிவதைவிடச் சற்றே தூரமாகக் கொண்டுபோகும். கணக்கு எளியது. கோபுரத்தின் உயரத்தையும் நம் கைபேசியின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, தனித்தனியே வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை வரும். 40 மீட்டர் உயர டவர், கடல் மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரத்தில் போன் என்று வைத்தால் சுமார் 32 கி.மீ. கண்ணுக்கு என்றால் 4.12-க்குப் பதில் 3.57. அதே 40 மீட்டர் கோபுரம் சுமார் 27, 28 கி.மீ. வரை தெரியும். கோயில் மறைந்த கொஞ்ச நேரத்தில் போனும் போகும். அண்ணன் சொன்னது சரி.

நடைமுறையில் இதைவிட முன்னாலேயே போய்விடுவதும் உண்டு. டவரிலிருந்து நேராக வரும் அலையும் கடற்பரப்பில் பட்டுத் தெறித்து வரும் அலையும், தூரம் போகப் போக ஒன்றையொன்று அழித்துக்கொள்ளத் தொடங்கும். அதனால்தான் அனுபவஸ்தர்கள் 20, 25 கி.மீ.க்குமேல் போனை நம்புவதில்லை.

ஏறி நின்றால் கிடைக்கும் ஆறு கிலோமீட்டர்

இந்தச் சூத்திரத்தில் நம் கையில் இருப்பது ஒன்றே ஒன்றுதான்: நம் பக்கத்து உயரம். 2 மீட்டரில் இருக்கும் போனை 8 மீட்டருக்கு ஏற்றினால் ஏறக்குறைய 6 கி.மீ. கூடுதலாகக் கிடைக்கும். மணிக்கு 13 கி.மீ. வேகத்தில் போகும் விசைப்படகுக்கு அது அரைமணி நேர ஓட்டம். படகின் வீல்ஹவுஸ் கூரைமேல் ஏறி நின்று, ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் போனைத் தூக்கிப் பிடித்து "ஆலோ... ஆலோ..." என்று கத்துகிறவரைப் பார்த்துச் சிரித்திருப்போம். அவர் செய்வதுதான் இருப்பதிலேயே சரியான பொறியியல்.

ஆள் ஏறுவதற்குப் பதிலாக ஆன்டெனாவை ஏற்றலாமே என்பது அடுத்த யோசனை. அதிலும் கண்ணி உண்டு. சந்தையில் சல்லிசாகக் கிடைக்கும் மெல்லிய கேபிளில் 900 மெகாஹெர்ட்ஸ் அலையை 10 மீட்டர் கீழே இறக்கினால், வழியிலேயே முக்கால்வாசி சக்தி போய்விடும். உயரத்தில் சம்பாதித்ததைக் கேபிள் தின்றுவிடும். அதனால் தடித்த கேபிள் வேண்டும், அதை முடிந்த அளவு குட்டையாக வைக்கவும் வேண்டும். வீட்டு மாடியில் வைக்கிற மாதிரி ஒரே திசையைப் பார்க்கும் ஆன்டெனா படகில் சரிப்படாது. படகு திரும்பினால் அது ஆப்பிரிக்காவைப் பார்க்கும். எல்லாத் திசையும் பார்க்கும் நீளக்குச்சி ஆன்டெனாதான் கதி. அதிலும் ரொம்ப வலுவானதாக வாங்கினால் அதன் பார்வை தட்டையாக, ஒரு தோசை மாதிரி ஆகிவிடும். அலையில் படகு சாயும்போது அந்தத் தோசையின் ஒரு பக்கம் வானத்திலும் மறுபக்கம் தண்ணீரிலும் போகும். பேச்சு விட்டுவிட்டுத்தான் கேட்கும்.

'பூஸ்டர்' என்ற பெயரில் விற்கும் பெருக்கிகள் இன்னொரு வழி. இருக்கிற சிக்னலைத்தான் அவை பெருக்கும். தொடுவானத்துக்குக் கீழே போய்விட்டதைக் கொண்டுவரா. அனுமதியில்லாமல் வைத்துக்கொள்வது இந்தியாவில் சட்டவிரோதமும்கூட. ஒழுங்கில்லாத பெருக்கி ஒன்று கரையில் உள்ள டவரையே திக்குமுக்காட வைக்கும்.

டவரின் கடிகாரம்

சரி, டவரை மலைமேல் வைத்தால்? 300 மீட்டர் உயரத்தில் வைத்தால் சூத்திரப்படி 70 கி.மீ.க்குமேல் எட்ட வேண்டும். எட்டும். ஆனால் போன் பேசாது. இந்த இடம்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம்.

2ஜி என்று நாம் சொல்லும் ஜிஎஸ்எம் முறையில், ஒரே அலைவரிசையை எட்டுப்பேர் நேரம் பிரித்துக்கொண்டு பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொருவருக்கும் 577 மைக்ரோநொடி. தூரத்தில் இருப்பவரின் குரல் வந்துசேரக் கொஞ்சம் தாமதமாகும். அது அடுத்தவரின் நேரத்தில் போய் விழுந்துவிடக் கூடாது. அதனால் டவர், "நீ இவ்வளவு தூரத்தில் இருக்கிறாய், இத்தனை படி முன்கூட்டியே பேசு" என்று போனுக்குச் சொல்லும். ஒரு படி சுமார் 550 மீட்டர். மொத்தம் 63 படிகள்தான் வைத்திருக்கிறார்கள். பெருக்கிப் பார்த்தால் 35 கி.மீ. அதற்கு அப்பால் இருக்கும் போனை டவர் சேர்த்துக்கொள்ளாது. திரையில் சிக்னல் கோடு தெரியும், அழைப்பு போகாது. "புள்ளி இருக்கு, கால் போக மாட்டேங்குது" என்று மீனவர்கள் புலம்புவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். இது அவற்றில் ஒன்று.

வேடிக்கை என்னவென்றால், முன்னால் போட்ட கணக்கில் 8 மீட்டர் உயரத்துக்கு ஏறினால் கிடைப்பது சுமார் 38 கி.மீ. அதாவது உயரத்தால் ஜெயிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே கடிகாரம் கதவைச் சாத்திவிடுகிறது. இரண்டு நேரப்பங்குகளை ஒருவருக்கே கொடுத்து இந்த எல்லையை 100 கி.மீ.க்கு மேலும் நீட்டலாம். அப்படிச் செய்தால் அந்த டவரில் பேசக்கூடியவர்களின் எண்ணிக்கை பாதியாகும். நகரத்து வாடிக்கையாளர்களை வைத்துப் பிழைக்கும் நிறுவனம் கடலுக்காக அதை ஏன் செய்யப்போகிறது?

எல்லா ஊரிலும் ஆரம்பம் இப்படி இல்லை. ஸ்வீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து நாடுகள் சேர்ந்து 1981-இல் தொடங்கிய என்எம்டி என்ற கைபேசி முறை 450 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அனலாக் முறை என்பதால் இந்த நேரப்பங்குக் கடிகாரம் அதில் கிடையாது. தாழ்ந்த அலைவரிசை தொடுவானத்தைத் தாண்டிக் கொஞ்சம் வளைந்தும் போகும். தீவுகளும் படகுகளும் நிறைந்த அந்தக் கடல்களில் அது தாக்குப்பிடித்தது. நகரங்கள் ஜிஎஸ்எம்முக்கு மாறிய பிறகும், ஸ்வீடனில் 2007 முடியும்வரை அது ஓடியது. இந்தியாவில் கைபேசி வந்ததே 1995-இல், ஜிஎஸ்எம்மாகவே வந்தது. நம் கடலுக்கு முதல் நாளிலிருந்தே 35 கி.மீ. கோடு போடப்பட்டுவிட்டது. போட்டவர்கள் கடலை நினைத்தே பார்க்கவில்லை.

கோட்டுக்கு உள்ளே: ஒரு வெற்றிக் கதை

அந்தக் கோட்டுக்கு உள்ளே நடந்தது உலகப்புகழ் பெற்றது. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு வடகேரளத்து மத்தி மீனவர்களைப் பற்றியது. 1997 ஜனவரி 14 காலை, வடகரைச் சந்தையில் 11 படகுக்காரர்கள் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டிவிடும் நிலையில் நின்றார்கள். அதே நேரத்தில் 15 கி.மீ. சுற்றளவுக்குள் மற்ற கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். இவர்களுக்கு அவர்களைப் பற்றித் தெரியாது. அவர்களுக்கு இவர்களைப் பற்றித் தெரியாது.

அந்த வருடமே கோழிக்கோட்டில் கைபேசிச் சேவை தொடங்கியது. அடுத்த வருடம் கண்ணூர், 2000-இல் காசர்கோடு. பெரிய ஊர்கள் கடலோரத்திலேயே இருந்ததால் டவர்களும் கடலோரத்தில் வந்தன. சிக்னல் 20, 25 கி.மீ. கடலுக்குள் வழிந்தது. மத்தி பிடிப்பதும் பெரும்பாலும் அந்தத் தூரத்துக்குள்தான். படகிலிருந்தே நாலு கரைக்குப் போன் போட்டு, விலை கூடிய இடத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். மீன் வீணாவது நின்றது. மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது என்கிறது ஆய்வு.

நான் கவனிக்கச் சொல்வது 'வழிந்தது' என்ற சொல்லை. யாரும் கடலுக்காகக் கட்டிய வசதி இல்லை அது. ஊருக்காக ஏற்றிய விளக்கின் வெளிச்சம் வாசலைத் தாண்டித் தெருவில் விழுந்த மாதிரி. மத்தி கரைக்குப் பக்கத்தில் மேய்கிற மீன் என்பதால்தான் இந்தக் கதை வெற்றிக் கதையானது.

பின்னால் வந்த ஆய்வாளர்கள் இதைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். ஜானகி சீனிவாசனும் ஜென்னா பர்ரெல்லும் கேரளக் கரைகளுக்குத் திரும்பப் போய், விலை விசாரிப்பது என்பது போனின் பல பயன்களில் ஒன்றுதான் என்று எழுதினார்கள். குமரிக்கரையில் இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கியவர் வேறு கரையில் விலை அதிகம் என்று தெரிந்தும் என்ன செய்ய முடியும்? என்னிடம் பேசியவர்களில் யாரும் முதலில் விலையைச் சொல்லவில்லை. "இன்ஜின் நின்னா கூப்பிடலாம்", "வீட்ல ஒரு சத்தம் சொல்லலாம்." இவைதான் முதலில் வந்தன.

கோட்டுக்கு வெளியே: 2017

தூத்தூர் வட்டாரத்து ஆட்கள் மத்தி பிடிப்பவர்கள் இல்லை. சுறாவும் சூரையும் தேடி லட்சத்தீவைத் தாண்டிப் போகிறவர்கள். ஒரு தடவை போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். நூற்றுக்கணக்கான கி.மீ. தூரத்தில் இருப்பவருக்கு 35 கி.மீ. கோடு என்பது பயணத்தின் முதல் மூன்று மணி நேரம், கடைசி மூன்று மணி நேரம். அவ்வளவுதான். நடுவில் இருப்பது படகுக்குப் படகு பேசும் விஎச்எஃப் வயர்லெஸ். அதுவும் தொடுவானத்துக்குக் கட்டுப்பட்டதுதான். வீட்டுக்கும் போகாது.

2017 நவம்பர் கடைசியில் இலங்கைக்குத் தெற்கே உருவான காற்றழுத்தம், 30-ஆம் தேதி காலை குமரிக்கடலில் ஒக்கி என்று பெயர் பெற்ற புயலானது. பிறகு அரபிக்கடலுக்குள் போய் இன்னும் வலுத்து லட்சத்தீவுப் பக்கம் கடந்தது. ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் சொல்ல வழியே இல்லை. முந்தின நாள் கிளம்பிப்போன சின்னப் படகுக்காரர்கள் பலர் கரையோடு பேசக்கூடிய தூரத்தில் இருந்தவர்கள்தான். அவர்களிடம் சொல்லவேண்டிய செய்தி கரையிலேயே தாமதமாகத்தான் வந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். தூரத்தில் இருந்தவர்களுக்குச் சிக்னல் இல்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்குச் செய்தி இல்லை. முதலாவதற்கு ஆன்டெனா தீர்வு. இரண்டாவதற்கு இல்லை.

படகுகள் கர்நாடகம், மகாராஷ்டிரம், குஜராத் வரை போய் ஒதுங்கின. கரை சேர்ந்தவர்கள் அங்கிருந்து போன் போட்டுச் சொன்னால்தான் ஆள் உயிரோடு இருப்பது வீட்டுக்குத் தெரியும். சேராதவர்களின் நம்பரையும் வீட்டில் விடாமல் அழைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று பதிவுசெய்த குரல் ஒவ்வொரு தடவையும் சொன்னது. நாம் எரிச்சலோடு துண்டிக்கிற வாக்கியம் அது. அந்த டிசம்பரில் அது நம்பிக்கையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது என்று ஒரு அக்கா சொன்னார். "ஸ்விட்ச் ஆஃப்னு வந்தாத்தான் வயித்துல புளியைக் கரைக்கும். எல்லைக்கு வெளியேன்னா எங்கேயோ இருக்காங்கன்னு அர்த்தம்ல?" குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்தது அந்த நாட்களில்தான்.

கேட்கும் காதும் பேசும் வாயும்

செயற்கைக்கோள் போன் கொடுத்தால் முடிந்ததே என்று தோன்றும். இந்தியாவில் அது நினைத்தவுடன் வாங்குகிற பொருள் இல்லை. துராயா, இரிடியம் கருவிகளை அனுமதியில்லாமல் வைத்திருந்தாலே வழக்கு. 2008-இல் கடல்வழியாக மும்பைக்கு வந்தவர்கள் செயற்கைக்கோள் போனோடு வந்த பிறகு பிடி இன்னும் இறுகியது. அரசு வழியாக இன்மார்சாட் போன் வாங்கலாம். விலையும் கட்டணமும் எல்லாப் படகுக்கும் கட்டுப்படியாகாது.

வேறு வழிகளும் முயலப்பட்டன. கொல்லம் பக்கம் அமிர்தா பல்கலைக்கழகத்தார் 'ஓஷன்நெட்' என்ற பெயரில் நீண்டதூர வைஃபையைப் படகுக்குப் படகு கடத்தி 40 கி.மீ.க்கு மேல் இணையத்தைக் கொண்டுபோனார்கள். ஒக்கிக்குப் பிறகு இஸ்ரோவின் நாவிக் வழியாகச் செய்தி பெறும் கருவி வந்தது. 2019-இல் 'ஜெமினி' வந்தது. செயற்கைக்கோளிலிருந்து எச்சரிக்கையை வாங்கி, ப்ளூடூத் மூலம் நம் போனில் காட்டும் சின்னப் பெட்டி. நல்ல வேலை. ஆனால் அது கேட்கும், பேசாது.

பேசுகிற கருவி அதற்கு முன்பே இருந்தது. 2010 முதல் புழக்கத்தில் இருந்த டிஏடி என்ற ஆபத்து அறிவிப்புக் கருவியில் பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி போய்ச் சேரும். போய்ச் சேர்ந்ததா என்பது அழுத்தினவருக்குத் தெரியாது. அது பேசும், கேட்காது. இப்படிப் பல வருடங்கள் ஒரு பெட்டியில் வாயும் இன்னொரு பெட்டியில் காதுமாகக் கடலுக்குப் போனார்கள் நம் ஆட்கள்.

2024 ஜனவரியில் இஸ்ரோ அறிமுகப்படுத்திய டிஏடியின் இரண்டாம் தலைமுறையில்தான் 'உன் செய்தி கிடைத்தது' என்று படகுக்குத் திரும்பச் சொல்லும் வசதி வந்தது. அதே ஆகஸ்டில், ஒரு லட்சம் படகுகளில் இருவழிச் செய்திக்கருவி பொருத்தும் திட்டத்தை ஒன்றிய அரசு தொடங்கியது. படகு எங்கே நிற்கிறது என்பதும் இதில் கரைக்குத் தெரியும். தன் மீன்பிடி இடத்தைப் பக்கத்துப் படகுக்கே மறைக்கிற ஆள் இதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று அண்ணனிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் எங்க நிக்கேன்னு அவனுக்குத் தெரியும். சரி. நான் கூப்பிட்டா எடுப்பானா?" என்றார்.

இத்தனை நாள் சேர்த்த குறிப்புகளில் இந்தக் கேள்விக்கு நேரான பதில் இல்லை. கடலில் சிக்னலை நீட்டிய கதை என்று தேடப் போனேன். உயரம், கேபிள், கடிகாரம், செயற்கைக்கோள் எல்லாம் அதில் வந்தன. வீல்ஹவுஸ் கூரையில் ஏறி நின்றவர் வாங்கியது ஆறு கிலோமீட்டர் மட்டும் இல்லை. மறுமுனையில் "கேக்குது, சொல்லு" என்ற ஒரு குரலையும் சேர்த்துத்தான்.

கிளம்பும்போது அண்ணன் தன் நம்பரைக் கொடுத்தார். "கரையில இருந்தா எடுப்பேன்" என்றார்.